டயலில் இருப்பது கடைக்காரர் பெயர்

வாசகர் கேள்வி – பதில்: பழைய கடிகாரங்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான். "வீட்டில் ஒரு பழைய கைக்கடிகாரம் இருக்கிறது, எந்தக் கம்பெனி என்று தெரியவில்லை." ஆகவே இந்த இதழை அதற்கே ஒதுக்கிவிட்டேன். சுவர்க்கடிகாரக்காரர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும். அலாரம் அடிக்காத டைம்பீஸைப் பற்றி மூன்று முறை எழுதிவிட்ட கும்பகோணத்து அன்பர் கோபித்துக்கொள்ளக் கூடாது. அதைத் தூக்கிக்கொண்டு ஒரு கடைக்குப் போங்கள் ஐயா. தபாலில் நான் ஸ்பிரிங் மாற்ற முடியாது.

*

கேள்வி: தாத்தாவின் கைக்கடிகாரத்தில் டயல் எழுத்து அழிந்துவிட்டது. பின்மூடியில் 'ஃபோன் அசியே இனாக்சிடாப்ல்' என்று வெட்டியிருக்கிறது. பிரெஞ்சுக் கம்பெனி என்று நினைக்கிறேன். அது இப்போதும் இருக்கிறதா?
– கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை

பதில்: தம்பி, அது கம்பெனி இல்லை. 'பின்மூடி துருப்பிடிக்காத எஃகு' என்று பிரெஞ்சில் எழுதியிருக்கிறார்கள். நம் வீட்டு எவர்சில்வர் சொம்பிலாவது கல்யாணத்துக்குக் கொடுத்த சித்தப்பா பெயரை வெட்டுவார்கள். சுவிஸ்காரர்கள் உலோகத்தின் பெயரை வெட்டினார்கள். பின்மூடி மட்டும் எஃகு என்று ஒப்புக்கொள்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள். சுற்றியுள்ள உடம்பு பெரும்பாலும் பித்தளை, மேலே குரோமியப் பூச்சு. வார் மாட்டும் கொம்புகளின் உட்பக்கத்தைப் பாருங்கள், மஞ்சள் எட்டிப் பார்க்கும்.

இதே போல ஏமாற்றும் சொற்கள் இன்னும் சில உண்டு. 'ப்ரெவே' என்றால் காப்புரிமை பெற்றது. 'டெபோசே' என்றால் பதிவு செய்யப்பட்டது. 'ரூபி' என்பது உள்ளே சக்கர அச்சுகளைத் தாங்கும் கல், ஆங்கிலத்தில் 'ஜூவல்'. 'இன்காப்ளாக்' என்பது கடிகாரம் கீழே விழுந்தால் பாலன்ஸ் என்ற ஆடும் சக்கரத்தின் அச்சு ஒடியாமல் காக்கும் அமைப்பு. என்னிடம் வந்துகொண்டிருந்த ஒரு பஸ் கண்டக்டர் இருபது வருடமாகத் தன் கடிகாரம் 'இன்காப்ளாக் கம்பெனி' என்று எல்லோரிடமும் சொல்லி வந்தார். எனக்குத் திருத்த மனம் வரவில்லை.

உங்கள் மூடியில் ஒரு சிறிய சிலுவைக் குறியும் அதை ஒட்டி ஓர் எண்ணும் இருந்தால் அதை எழுதி அனுப்புங்கள். அது சுவிஸ் காப்புரிமை எண். அதை வைத்து அந்தக் கேஸின், அதாவது கடிகாரத்தின் வெளி உடம்பின், அமைப்பு யாருடையது என்று தேட முடியும்.

*

கேள்வி: ஐயா, என் தாத்தா ரங்கூனில் வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து மேலாள் வரை உயர்ந்தவர். 1928இல் தம் திருமணத்துக்கு அங்கேயே ஒரு கைக்கடிகாரம் வாங்கினாராம். அது ரோலெக்ஸ் என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். டயலில் ஆறுக்குக் கீழே 'சுவிஸ் மேட்' என்று பொடி எழுத்தில் இருப்பதைத் தவிர வேறு பெயரே இல்லை. பெயரில்லாத கடிகாரத்துக்கு மதிப்பில்லை, எடைக்குப் போடலாம் என்கிறான் என் அண்ணன் மகன். இதைச் செய்தது யார் என்று மட்டும் தெரிந்தால் போதும்.
– ஓய்வு பெற்ற ஆசிரியை, தேவகோட்டை

பதில்: அம்மா, நீங்கள் மூன்று முறை படம் அனுப்பி, மூன்று முறையும் நான் 'மூடியைத் திறந்து எடுங்கள்' என்று எழுதி, கடைசியில் பஞ்சு வைத்த எவர்சில்வர் டப்பாவில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு நீங்களே பஸ் ஏறி மதுரைக்கு வந்துவிட்டீர்கள். அன்று மேசையில் நாம் இருவரும் பார்த்ததை மற்ற வாசகர்களுக்காக இங்கே எழுதுகிறேன். அன்று அவசரத்தில் சொல்லாமல் விட்டதும் இதில் இருக்கிறது.

பின்மூடி அழுத்தி மூடும் வகை. விளிம்பில் ஓரிடத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு மேடு இருந்தது. அங்கே கத்தியை வைத்துத் திருப்பினால் திறந்துகொள்ளும். அதற்கு முன்பு யாரோ எதிர்ப்பக்கத்தில் ஸ்குரூடிரைவரால் நெம்பியிருக்கிறார்கள். அந்த வடு யாருடையது என்று உங்களைக் கேட்டேன், நீங்கள் அண்ணன் மகனைச் சொன்னீர்கள்.

மூடியின் உட்புறத்தில் ஓர் எண். அது கேஸ் செய்தவர் போட்ட எண், அதை வைத்துக் கடிகாரத்தின் வயதைச் சொல்ல முடியாது. அதன் பக்கத்தில் ஊசியால் கீறியது போல ஏதோ இருந்தது. லென்ஸை உங்களிடம் கொடுத்தேன். "இது தமிழ் எண்!" என்று நீங்கள் கத்தியதில் எதிர்க்கடை டீ மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். ௧௨ ௫ ௫௩. பழுது பார்க்கிறவர்கள் வேலை முடித்த நாளை மூடிக்குள் கீறி வைப்பது வழக்கம். வாடிக்கையாளர் ஆறு மாதம் கழித்து வந்து 'நேற்றுத்தான் ரிப்பேர் செய்தீர்கள்' என்று சண்டை போட்டால் காட்டுவதற்கு. 1953 மே மாதம் 12ஆம் தேதி, கணக்குப்பிள்ளை போலத் தமிழ் எண் எழுதிப் பழகிய ஒரு கைக்கு இந்தக் கடிகாரம் வந்திருக்கிறது. நான் பார்த்த மூடிகளில் ஆங்கில எண்ணும் ஆங்கில எழுத்தும்தான் இருக்கும். தமிழ் எண்ணைப் பார்த்தது இதுதான் முதல் முறை.

அடுத்தது மெஷின். தட்டுகளில் '15 ஜூவல்ஸ்', 'சுவிஸ்' என்ற இரண்டைத் தவிர ஒன்றுமில்லை. ரோலெக்ஸாக இருந்தால் தன் பெயரை மெஷினிலும் வெட்டியிருப்பான், அவ்வளவு எளிதில் பெயரை விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. ஆகவே அப்பாவின் ரோலெக்ஸ் அங்கேயே போயிற்று.

இனிதான் முக்கியமான இடம். எந்தப் பழைய கடிகாரமானாலும் நான் முதலில் பார்ப்பது பாலன்ஸ் சக்கரத்துக்கு அடியில். இடமும் வலமும் ஆடிக்கொண்டிருக்கிறதே, அந்தச் சக்கரம். அது ஓடும்போது ஒன்றும் தெரியாது. நிறுத்திவிட்டு, அதன் கைகளுக்கு இடையே லென்ஸை வைத்துக் கீழ்த்தட்டைப் பார்த்தால், விளிம்பை ஒட்டி ஓர் எறும்பு தலை அளவுக்கு முத்திரை இருக்கும். உங்கள் கடிகாரத்தில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் 'ஏ', 'எஸ்' என்ற இரண்டு எழுத்தும், பக்கத்தில் 1130 என்ற எண்ணும்.

"அப்படியானால் ஏ.எஸ். கம்பெனியா?" என்று கேட்டீர்கள். பாதி சரி. ஏ. ஷில்ட் என்பது சுவிட்சர்லாந்தின் கிரென்ஹென் ஊரில் அடால்ஃப் ஷில்ட் 1896இல் தொடங்கிய தொழிற்சாலை. முழுக் கடிகாரத்தை விற்பது அவர்கள் தொழில் இல்லை. உள்ளே வைக்கும் மெஷினைச் செய்து, யார் கேட்டாலும் கொடுத்தார்கள். இப்படிச் செய்யும் மெஷினுக்கு அங்கே 'எபோஷ்' என்று பெயர். 1926இல் ஏ. ஷில்ட், ஃபோந்தென்மெலோன், ஏ. மிஷெல் என்ற மூன்று பெரிய எபோஷ்காரர்கள் ஒரே குடைக்குக் கீழ் சேர்ந்து 'எபோஷ் எஸ்.ஏ.' என்று ஆனார்கள். பிறகு மற்றவர்களும் வந்து சேர்ந்தார்கள். இந்த மெஷினை வாங்கி, வேறொருவரிடம் கேஸ், இன்னொருவரிடம் டயல், மற்றொருவரிடம் முள் என்று வாங்கிப் பூட்டி விற்ற சின்னச் சின்னப் பட்டறைகள் அந்த மலைப்பக்க ஊர்களில் ஏராளம்.

எங்கள் ஊர் சுங்குடிச் சேலையை நினைத்துக்கொள்ளுங்கள். துணி நெய்தவர் ஒருவர், வீட்டில் உட்கார்ந்து முடிச்சுப் போட்ட பெண்கள் வேறு, சாயம் தோய்த்தவர் வேறு. பையில் அச்சடித்திருப்பது கடைக்காரர் பெயர். சேலையைச் செய்தது யார் என்று கேட்டால் எந்தப் பெயரைச் சொல்வீர்கள்?

1130 நல்ல மெஷின் என்பதையும் சொல்ல வேண்டும். 13 லின் அளவு, அதாவது விட்டம் சுமார் 29 மில்லிமீட்டர். ஆறின் மேல் தனியாக ஒரு குட்டி நொடி முள். மணிக்கு 18,000 துடிப்பு, நொடிக்கு ஐந்து. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் படைக்குக் கொடுக்கப்பட்ட பல பிராண்டு கடிகாரங்களுக்குள் இதே மெஷின் இருந்ததால், சேகரிப்பவர்கள் இதை 'வேர்மாக்ட் மெஷின்' என்றே அழைக்கிறார்கள். இதைப் படித்துவிட்டு உங்கள் அண்ணன் மகன் 'கொள்ளுத் தாத்தாவின் ஜெர்மன் பட்டாளத்துக் கடிகாரம்' என்று விளம்பரம் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஊருக்கெல்லாம் விற்ற மெஷின் அது.

அடுத்ததுதான் உங்களுக்குக் கசந்தது. பாலன்ஸின் நடுவே, கல்லின் மேல், யாழ் வடிவத்தில் ஒரு பொடி ஸ்பிரிங் இருந்தது. மேலே சொன்ன இன்காப்ளாக். அது 1930களின் நடுவில்தான் புழக்கத்துக்கு வந்தது. 1928 திருமணத்தில் அது மாப்பிள்ளை கையில் இருந்திருக்க முடியாது.

"யாராவது பிறகு மெஷினை மாற்றியிருக்கலாமே" என்று வாத்தியார் அம்மாவாகவே மடக்கினீர்கள். நியாயமான கேள்வி, அதற்காகத்தான் டயலையும் கழற்றினேன். டயலின் முதுகில் இரண்டு செம்புக் கால்கள் இருக்கும். அவை மெஷினில் அதற்கென்று இருக்கும் துளைகளில் இறங்கி, பக்கத்து ஸ்குரூவால் பிடிக்கப்படும். வேறு மெஷினை வைத்தால் கால் துளைக்கு நேராக வராது. காலை வெட்டிவிட்டுப் பசை போட்டு ஒட்டுவார்கள். உங்களுடையதில் இரண்டு காலும் முழுதாக இருந்தன, இரண்டும் தம் துளையில் சிக்கென்று இறங்கின, பசையின் அடையாளமே இல்லை. கேஸுக்குள்ளும் இடைவெளி அடைக்கிற வளையம் எதுவும் வைக்கப்படவில்லை. டயல், மெஷின், கேஸ் மூன்றும் ஒரே நாளில் சேர்ந்தவை.

ஆகத் திருமணக் கடிகாரம் வேறொன்று இருந்திருக்க வேண்டும். இது அதற்குப் பின்னால் வந்தது.

ஆனால் ரங்கூன் பொய்யில்லை. டயலைக் கழற்றியதும் அதைச் சன்னலோரம் கொண்டுபோய், டார்ச்சைப் பக்கவாட்டில் படுக்க வைத்து ஒளி அடித்தேன், நினைவிருக்கிறதா? அச்சு எழுத்து அழிந்தாலும், அது மூடியிருந்த இடத்தில் மட்டும் அடிப்பூச்சு மற்ற இடத்தைப் போல வெயில் பட்டுப் பழுப்பேறுவதில்லை. பன்னிரண்டுக்குக் கீழே வெளிறிய நிழலாக இரண்டு வரி. மேல்வரியின் தொடக்கத்தைப் படிக்க முடியவில்லை, முடிவில் '& கோ' என்று இருந்தது. கீழ்வரியில் ஆங்கிலத்தில் 'ரங்கூன்'. நீங்கள் அதை நான்கு முறை வாய்விட்டுப் படித்தீர்கள்.

எழுத்தை அழித்தது யார் என்பதும் எனக்குத் தெரியும். ஆளைத் தெரியாது, இனத்தைத் தெரியும், நானும் அந்த இனம்தான். வேலை பழகிய புதிதில், 19 வயதில், கறுத்துப் போன ஒரு வெள்ளி டயலைப் பளிச்சென்று ஆக்கிக் காட்டுகிறேன் என்று விபூதி போட்டுத் தேய்த்தேன். குத்துவிளக்குக்கு விபூதி நல்லது. டயல் பளிச்சென்றுதான் ஆனது, பெயர் என் விரலோடு வந்துவிட்டது. முதலாளி திட்டவில்லை. "கடிகாரத்துக்காரர் சாயங்காலம் வருவார், நீயே சொல்" என்றார். பிற்பகல் முழுவதும் நான் சாப்பிடவில்லை. உங்கள் டயலில் 'சுவிஸ் மேட்' மட்டும் தப்பியதற்கும் காரணம் உண்டு. அது டயலின் கடைசி விளிம்பில், கேஸின் உதட்டுக்கு அடியில் பாதி ஒளிந்திருக்கிறது. டயலைக் கழற்றாமல் மேலேயே தேய்த்தவரின் விரல் அதுவரை போகவில்லை.

எனவே உங்கள் கேள்விக்குப் பதில்: மெஷின் கிரென்ஹெனில் ஏ. ஷில்ட் செய்தது. கேஸும் டயலும் வேறு கைகள். பூட்டிய பட்டறை தன் பெயரை எங்கும் விடவில்லை. ரங்கூனில் ஒரு கடைக்காரர் டயலில் தன் பெயரைப் போடச் சொல்லி வாங்கி விற்றார். 1930களின் நடுவுக்குப் பின், 1942இல் ஜப்பான்காரன் ரங்கூனுக்குள் நுழைவதற்கு முன், உங்கள் தாத்தா அதை வாங்கினார். அந்தக் கலவரத்தில் எதையெல்லாமோ விட்டுவிட்டு வந்தவர் கையில் இது இருந்திருக்கிறது. 1953இல் இங்கே யாரோ ஒருவர் எண்ணெய் போட்டிருக்கிறார்.

பழைய எண்ணெய் பிசினாகியிருந்ததைக் கழுவி, புது மெயின்ஸ்பிரிங் போட்டிருக்கிறேன். நாளைக்கு ஒரு நிமிடம் முந்துகிறது, அதை விட்டுவிட்டேன். எடைக்குப் போட நினைக்கும் பிள்ளைக்கு நான் நேரில் பதில் சொல்கிறேன், கடைக்கு அனுப்புங்கள்.

*

கேள்வி: எங்கள் பெரிய தாத்தா முதல் உலகப் போரில் மெசபடோமியாவில் இருந்தவர். அவருடைய கடிகாரத்தில் 'வெஸ்ட் எண்ட் வாட்ச் கோ., பம்பாய் – கல்கத்தா', அதன் கீழ் 'சோவார் ப்ரைமா' என்று இருக்கிறது. வெஸ்ட் எண்ட் லண்டனில் உள்ள இடம்தானே? இது ஆங்கிலேயர் செய்ததா, பம்பாயில் செய்ததா?
– முன்னாள் ராணுவ வீரர், குடியாத்தம்

பதில்: இரண்டும் இல்லை. பெயர் லண்டன் வாடை அடித்தாலும் ஆட்கள் சுவிட்சர்லாந்தின் சாந்திமியே ஊரைச் சேர்ந்தவர்கள். 1886ஐத் தொடக்க ஆண்டாகச் சொல்லும் இந்த நிறுவனம் இந்தியாவில் விற்பதற்கென்றே பிறந்தது. பம்பாயிலும் கல்கத்தாவிலும் கடை, சரக்கு சுவிட்சர்லாந்திலிருந்து. இந்தியப் படைவீரர்கள் கையில் இது நிறைய இருந்தது. 'சோவார்' என்றால் குதிரைப்படை வீரன். நாம் 'சவாரி' என்கிறோமே, அதே பாரசீக வேர்தான்.

சோவார் ப்ரைமாக்களில் நல்ல பங்கு லாஞ்சின் செய்தவை. அவர்களும் அதே சாந்திமியே ஊர்க்காரர்கள். உங்களுடையது அந்த வகையா என்று தெரிய, மூடியைத் திறந்து மெஷினில் சிறகு முளைத்த மணற்கடிகாரம் ஒன்று வெட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது லாஞ்சின் முத்திரை. பக்கத்தில் ஏழெட்டு இலக்கத்தில் ஒரு வரிசை எண் இருக்கும். அதை லாஞ்சினுக்கு எழுதிக் கேட்டால், பழைய பேரேட்டில் தேடி அந்தக் கடிகாரம் எப்போது, யாருக்கு அனுப்பப்பட்டது என்று சொல்வார்கள். பழைய கடிகாரக்காரர்களில் இவ்வளவு பொறுப்பாகக் கணக்கு வைத்திருப்பவர்கள் குறைவு. எனக்குப் படம் அனுப்புவதைவிட அவர்களுக்கு அந்த எண்ணை அனுப்புவது உத்தமம்.

ஒன்று மட்டும். மெசபடோமியாவுக்குப் போன கடிகாரம் இதுதானா என்பதை அந்தத் தேதி வந்த பிறகு முடிவு செய்யுங்கள். 'சோவார்' என்ற பெயரில் பல பத்தாண்டுகள் கடிகாரங்கள் வந்தன. தேவகோட்டை அம்மாவின் கதையை மேலே படித்திருப்பீர்கள்.

*

கேள்வி: இணையத்தில் 2,800 ரூபாய்க்கு 'ஃபேவர் லூபா சீ கிங்' வாங்கினேன். மயில் நீல டயல், சிவப்பு நொடி முள், புதிது போல மின்னுகிறது. திறந்து பார்த்தால் மெஷினில் 'எச்.எம்.டி.' என்று இருக்கிறது. ஃபேவர் லூபாவுக்கு எச்.எம்.டி. மெஷின் செய்து கொடுத்ததா?
– மென்பொருள் பொறியாளர், கோயம்புத்தூர்

பதில்: கொடுக்கவில்லை. உங்களுக்கு வந்தது ஒரு பழைய எச்.எம்.டி., மேலே புது வர்ணம். பெரும்பாலும் பம்பாய்ப் பக்கத்துக் கைவேலை. வெளிநாட்டில் சேகரிப்பவர்கள்கூட இவற்றுக்கு 'மும்பை ஸ்பெஷல்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஃபேவர் லூபா 1737இல் சுவிட்சர்லாந்தின் லெ லோக்ல் ஊரில் தொடங்கிய பரம்பரை. 1865இலேயே இந்தியச் சந்தைக்கு வந்தவர்கள். என் இளமையில் கல்யாண மாப்பிள்ளை கையில் அதைக் கட்டினால் பெண் வீட்டாருக்குத் தனிப் பெருமை. அந்தப் பெருமையைத்தான் இப்போது டயலில் அச்சடித்து விற்கிறார்கள். எச்.எம்.டி. 1961இல் ஜப்பானின் சிட்டிசன் துணையோடு பெங்களூரில் கடிகாரம் செய்யத் தொடங்கியது. இரண்டு வம்சத்துக்கும் ஒட்டு உறவு கிடையாது.

மூடியைத் திறக்காமலே கண்டுபிடிக்கலாம். பழைய டயலில் எழுத்து மயிரிழை போல மெல்லியதாக, ஓரம் கூர்மையாக இருக்கும். புது வர்ணத்தில் எழுத்து தடித்து, மை கசிந்தது போல இருக்கும். நிமிடப் புள்ளிகளை எண்ணிக்கொண்டே வாருங்கள், மணிக்குறிகளோடு ஏதாவது ஓரிடத்தில் சேராமல் நழுவும். ஐம்பது ஆண்டு பழைய கடிகாரத்தில் கேஸ் மட்டும் தேய்ந்து டயல் மணப்பெண் போல இருந்தால், அந்தப் பெண்ணுக்கு இது முதல் கல்யாணம் இல்லை.

மனம் உடைய வேண்டாம். உள்ளே இருக்கும் எச்.எம்.டி. மெஷின் உழைப்பாளி, உதிரிப் பாகமும் கிடைக்கும். வாய்ப்பிருந்தால் எச்.எம்.டி.யின் சொந்த 'ஜனதா' டயல் ஒன்று தேடிப் போட்டு, அதைத் தன் பெயரிலேயே வாழ விடுங்கள்.

*

கேள்வி: பழைய கடிகாரத்தின் முள்ளிலும் எண்களிலும் பச்சையாக ஒரு பூச்சு இருக்கிறது. இப்போது இருட்டில் ஒளிரவில்லை. ஊசியால் சுரண்டிவிட்டுப் புதுப் பூச்சு போடலாமா?
– பட்டயப் படிப்பு மாணவர், ஓசூர்

பதில்: சுரண்டாதே. 1960களுக்கு முந்திய கடிகாரம் என்றால் அது பெரும்பாலும் ரேடியம். ஒளிரவில்லை என்றால் ரேடியம் தீர்ந்துவிட்டது என்று பொருளில்லை. அதோடு கலந்திருக்கும் துத்தநாக சல்பைடு களைத்துப்போய்விட்டது, அவ்வளவுதான். ரேடியம் பாதியாகக் குறைய சுமார் 1,600 ஆண்டுகள் ஆகும். அந்தத் தூளை மூச்சில் இழுப்பதும் வாயில் படுவதும்தான் ஆபத்து. கண்ணாடி மூடியிருக்கும்வரை கடிகாரத்தைத் திறக்காமல் வை. வீட்டில் வைத்து யாரும் இந்த வேலையைச் செய்யக் கூடாது. ஆறுக்குக் கீழே 'சுவிஸ்' என்ற சொல்லின் இரு பக்கமும் ஆங்கில 'டி' இருந்தால் அது டிரிட்டியம், 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகும், பின்னால் வந்தது. அதையும் சுரண்டாதே.

*

கேள்வி: அம்மா வழியில் வந்த வெள்ளிக் கைக்கடிகாரத்தின் டயலில் 'பி. ஆர் அண்ட் சன்ஸ், மெட்ராஸ்' என்று இருக்கிறது. அவர்களே செய்ததா?
– வாசகி, மயிலாப்பூர்

பதில்: பெயரைப் படித்ததும் மவுண்ட் ரோட்டுக் கட்டடத்தின் மணிக்கூண்டு கண்ணில் நின்றது. 1849இல் தொடங்கிய கடை. ராஜாக்களுக்கும் கலெக்டர்களுக்கும் கடிகாரமும் வெள்ளிச் சாமானும் விற்றவர்கள். வெள்ளி வேலை அவர்கள் பட்டறையிலேயே நடந்தது. கைக்கடிகாரம் வெளிநாட்டிலிருந்து வரவழைத்துத் தம் பெயர் போட்டு விற்றது. நம் ரங்கூன் கதைதான், கடை பெரிது.

உங்களுடையது வெள்ளி என்பதால் ஒரு வசதி. மூடிக்குள் இருக்கும் முத்திரைகள் கடிகாரம் வந்த வழியைச் சொல்லிவிடும். நிற்கும் கரடி இருந்தால் சுவிஸ் 875 வெள்ளி, அதாவது ஆயிரத்தில் 875 பங்கு வெள்ளி, காட்டுக்கோழி போன்ற பறவை இருந்தால் 800. இவை மட்டும் இருந்தால் நேராக இங்கே வந்திருக்கலாம். 1907 ஜூன் முதல் பிரிட்டனுக்குள் வரும் வெளிநாட்டு வெள்ளிக் கேஸ்களைச் சோதித்து முத்திரையிடுவது கட்டாயமாயிற்று. அப்படிப்பட்ட முத்திரைக் கூட்டமும் நடுவில் ஓர் ஆங்கில எழுத்தும் இருந்தால், சுவிட்சர்லாந்திலிருந்து இங்கிலாந்து போய் அங்கிருந்து சென்னைக்குக் கப்பலேறியிருக்கிறது. அந்த எழுத்து ஆண்டைக் குறிப்பது. எழுத்தின் வடிவம், அதைச் சுற்றியுள்ள கட்டத்தின் வடிவம் இரண்டும் தெளிவாக விழும்படி படம் அனுப்புங்கள், ஆண்டைச் சொல்கிறேன். மூடியை விபூதி போட்டுத் தேய்க்காமல் அனுப்புங்கள்.

*

கேள்வி: படம் இணைத்துள்ளேன். எவ்வளவு போகும்?
– வாசகர், திருப்பூர்

பதில்: இந்தப் பகுதியில் விலை சொல்வதில்லை என்று இதைத் தொடங்கிய முதல் இதழிலேயே எழுதியிருக்கிறேன். படத்தில் கடிகாரத்தைவிட உங்கள் கட்டைவிரல்தான் தெளிவாக விழுந்திருக்கிறது.

*

ஒரு திருத்தம்

போன இதழில் திருச்சி வாசகர் ஒருவர், தங்கக் கேஸுக்குள் சாவி வடிவ முத்திரையும் அதனுள் ஓர் எண்ணும் இருப்பதாக எழுதியிருந்தார். 'கடிகாரக் கம்பெனியின் அடையாளமாக இருக்கலாம்' என்று பதில் சொல்லியிருந்தேன். தவறு. சாவி ஜெனீவா நகரத்துக் கேஸ் செய்பவர்களுக்குப் பொதுவான முத்திரை. உள்ளே இருக்கும் எண்தான் அவர்களில் யார் என்று காட்டுவது. அதாவது, உடம்பைச் செய்தவரைக் காட்டிவிட்டு உயிரைச் செய்தவர் என்று சொல்லியிருக்கிறேன். இந்த இதழ் முழுவதும் மற்றவர்களுக்கு நான் சொல்லிக்கொண்டிருக்கும் அதே தவறு.

சுட்டிக்காட்டியவர் புதுச்சேரியில் இன்னும் கடை வைத்திருக்கும் 81 வயதுக்காரர். அஞ்சலட்டையில் நான்கு வரி, கடைசி வரி: "பாலன்ஸுக்கு அடியில் பார்க்கச் சொல்லியிருக்கலாமே?" திருச்சி அன்பரே, மூடியைத் திறந்து பார்த்து எழுதுங்கள்.